நிலம் என்றால் தண்ணீர்

அன்று பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "இனிமே அது எங்கம்மா போகும்?" என்று கேட்டாய். வேறு எங்காவது தண்ணீர் பார்த்துப் போகும் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. கிழக்கேகோட்டை பஸ் வந்து நின்றது. "ஏறு, ஏறு, சீட்டு போயிடும்" என்றேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு செருப்பில் அப்பியிருந்த சேற்றை இன்னொரு செருப்பால் சுரண்டிக்கொண்டே வந்தாய். சாக்கை தாண்டி, கோட்டையில் இறங்கி, வலியசாலைக்கு நடந்து வீடு சேரும்வரை நீ அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஒரு கேள்வியை இரண்டாவது தடவை கேட்காமல் விடும்போது குழந்தைகள் தாங்களாகவே ஒரு பதிலை வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீ என்ன வைத்துக்கொண்டாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உனக்கு இப்போது ஒன்பது வயது. ஆனால் இந்தக் கடிதம் ஒன்பது வயதுக்காரனுக்கு அல்ல. நீ படித்து முடித்து ஒரு வேலையில் சேரும் நாளில் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைக்கப்போகிறேன். அடுத்த வாரம் கம்பெனி என்னை ஒரு வருஷத்துக்கு அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. கட்டில்மேல் பெட்டி திறந்து கிடக்கிறது. அதில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ எந்த வேலைக்குப் போனாலும், பத்துப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வெளியே இருக்கிற ஓர் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒரு நாள் நீயும் இருப்பாய். நான் இருந்திருக்கிறேன். அதைப் பற்றி யாரிடமும் நான் பேசியதில்லை. உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அது அறிவுரையா இல்லையா என்பதைப் படித்துவிட்டு நீயே பார்த்துக்கொள்.

கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் கான்டீனுக்குப் பின்பக்கம் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. உனக்கு நினைவிருக்கும். மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கி எழுதுவது என் வேலை. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அன்று அப்பாவுக்கும் வேலை என்பதால் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். நீ அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றுவிடுவாய். கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் பயிர் செய்யாமல் விட்ட பழைய வயல். எப்போதும் தண்ணீர் நிற்கும். நடுவில் ஆம்பல் இலைகள் நெருக்கமாக விரிந்து கிடக்கும். ஓரமெல்லாம் கோரைப் புல். அங்கேதான் தாமரைக்கோழி இருந்தது. உடம்பு ஒரு சின்னக் கோழி அளவுதான். விரல்கள் மட்டும் வேறு ஏதோ பெரிய பறவையிடம் கடன் வாங்கி மாட்டியது போல நீளம். அந்த விரல்களை அகல விரித்து வைத்துத்தான் அது மிதக்கிற இலைகள்மேல் மூழ்காமல் நடந்தது.

ஒரு மழைக்காலத்தில், உனக்கு ஆறு வயது இருக்கும்போது, "அம்மா, நோக்கு! நோக்கு!" என்று கூப்பிட்டாய். பள்ளிக்கூடத்து மலையாளம் உன் வாயில் முந்திக்கொண்டு வரும் காலம் அது. உனக்கு நோக்கு என்றால் பார். நம் தமிழ் அக்கிரகாரத் தெருவிலோ நோக்கு என்றால் உனக்கு. கம்பெனி முதலாளி சுந்தரம் சார் பல்லடத்துக்காரர். அவருக்கு மலையாளம் தெரியாது. காப்பிக் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தவர், "நோக்குன்னா உனக்குன்னுதானே? எனக்கு என்ன தம்பி குடுக்கப்போறே?" என்று கேட்டார்.

நீ அவரை ஏற இறங்கப் பார்த்தாய். "ஒண்ணும் தரலை. பாக்கறதுக்குச் சொன்னேன். அந்தக் கோழிக்குப் பத்துக் கால் ஆக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். இலைமேல் நின்றிருந்த பறவையின் இரண்டு பக்கச் சிறகுகளுக்குக் கீழேயும் மெல்லிய கால்கள் குச்சி குச்சியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சிறகை இறுக்கிக்கொண்டு அது நாலு எட்டு நடந்தது. பிறகு சிறகைத் தளர்த்தியதும் குஞ்சுகள் ஒவ்வொன்றாக இலைமேல் விழுந்து எழுந்து ஓடின. "அட, குஞ்சைக் கக்கத்துல தூக்கிட்டுத் திரியுதுங்க" என்றார் சுந்தரம் சார். அவர் காப்பி ஆறிவிட்டது. பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்தபோது அது தாய் இல்லை, தகப்பன் என்று தெரிந்தது. பெண் பறவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாத்து வளர்ப்பதெல்லாம் ஆண்தான். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா உன் யூனிஃபார்ம் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "அப்போ அது நம்ம கட்சியாக்கும்" என்றார். இப்போது நான் பெட்டி கட்டும்போது அந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

அந்த வயலை ஓர் அடுக்குமாடிக் கம்பெனி விலை பேசுகிறது என்று ராஜன் சேட்டன் வந்து சொன்னார். கட்டிடம், வண்டி, தண்ணீர் என்று ஆபீஸில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர். சுந்தரம் சார் ஒரு வாரம் யோசித்தார். பிறகு வயலைத் தானே வாங்கினார். எல்லோரையும் கான்டீனில் கூட்டி, "ஒரு கம்பெனி நாலு பேருக்கு வேலை குடுத்தா மட்டும் போதாதுங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உசுரையும் பார்த்துக்கோணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் மனசாரத் தட்டினேன். நெடுஞ்சாலை ஓரத்தில் அப்போது எத்தனையோ கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு பறவைக்காக இடம் வாங்கிய முதலாளி வேறு யாரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதை நீ மறக்கக்கூடாது. நடந்தது எல்லாமே ஒரு நல்ல மனுஷனின் ஆசையிலிருந்துதான் தொடங்கியது.

பத்திரம் பதிந்து வந்த அன்று கூட்டம். ராஜன் சேட்டன் மலையாளப் பத்திரத்தை வாசித்தார். "நிலம்" என்ற சொல் வந்ததும் சுந்தரம் சார் மேஜையில் லேசாகத் தட்டி, "நிலம் நம்ம கைக்கு வந்திருச்சுங்க" என்று சிரித்தார். சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பல்லுயிர்த் தோட்டம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். நடைபாதை, பெஞ்சுகள், பெயர்ப்பலகையோடு நாட்டு மரக்கன்றுகள், நடுவில் வட்டமாக ஒரு சிமென்ட் குளம். செம்மண் கொட்டி மேடாக்கிவிட்டுத் தோட்டம் போடுவதாகத் திட்டம். வாசலில் வைக்கும் பலகைக்கு நான் ஒரு பத்தி எழுதித் தரவேண்டும். "ஏதாவது சொல்லோணுமா அம்மிணி?" என்று சுந்தரம் சார் என்னைக் கேட்டார். சொன்னேன்.

"சார், இந்த ஊர்ப் பத்திரத்துல நிலம்னா வயல். தண்ணி நிக்கற எடம். மண்ணா இருக்கற மேட்டுக்குப் புரையிடம்னு வேற பேர் உண்டு. இதுல மண் போட்டா அப்பறம் இது நிலமே இல்லை."

"அப்ப நம்ம ஊர்ல மண்ணுக்கு என்ன பேருங்க?"

"நிலம்தான்."

"ரெண்டும் ஒரே பேருதானே அம்மிணி" என்றார். கேலி செய்யவில்லை, என்னைச் சமாதானப்படுத்துவது போலத்தான் சொன்னார். ராஜன் சேட்டனைப் பார்த்தார். அவர் பக்கத்து நெடுமங்காட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்காது. "அதொக்கெ கடலாசில் மாத்ரம் சாரே. கொழப்பமில்ல" என்றார். அதெல்லாம் காகிதத்தில் மட்டும்தானாம், பரவாயில்லையாம்.

சுந்தரம் சாரின் அப்பா மானாவாரி விவசாயி. மழை பொய்த்துப்போகும் ஊர். வெடித்த நிலத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, ஒரு தலைமுறை முழுக்க மண்ணைத் திருத்தியவர்கள். "தண்ணி தேங்கினா வேர் அழுகிரும். முதல்ல நிலத்தைத் திருத்தோணும். அப்பறம்தான் உசுரெல்லாம் வரும்" என்றார் சார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ஊரில் அது உண்மை. ஆம்பல் இலை இல்லாவிட்டால் அந்தப் பறவைக்குக் கால் வைக்க இடம் இல்லை என்று சொன்னேன். சிமென்ட் குளத்தில் தாமரை விடப்போகிறோமே என்றார். கடைசியாக, "இதை அப்படியே சும்மா விட்டுடலாமே சார்" என்றேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "சும்மா விடறதுக்கா அம்மிணி வாங்கினோம்?" என்றார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு கம்பெனியால் என்னென்னவோ செய்ய முடியும், கண்ணா. மதில் கட்ட முடியும், மரம் நட முடியும், பலகை வைக்க முடியும், ஆள் போட்டுத் தண்ணீர் ஊற்ற முடியும். சும்மா விடுவதற்கு மட்டும் அங்கே ஆள் இல்லை. அதைச் செய்து முடித்தேன் என்று யார் வந்து சொல்ல முடியும்? அதற்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்? அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புரியவில்லை.

செம்மண் லாரிகள் வரத் தாமதமானது. அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டுவிட்டுப் பெய்த நாட்களில் நீ ஜன்னலிலிருந்து கூட்டைக் கண்டுபிடித்தாய். கூடு என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை; தண்ணீரில் மிதக்கிற கொஞ்சம் தண்டும் இலையும். அதன்மேல் பளபளவென்று பழுப்பு முட்டைகள். யாரோ பேனாவில் மை வருகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது போல அவற்றின்மேல் கறுப்புக் கோடுகள். உனக்காகச் சுந்தரம் சார் ஒரு பைனாகுலர் வாங்கி ஜன்னல் திண்டில் வைத்திருந்தார் இல்லையா, அதில்தான் நாம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நான் அவர் அறைக்குப் போய், குஞ்சுகள் பொரிந்து நடக்கும்வரையாவது மண் போடவேண்டாம் என்று கேட்டேன். அவர் உடனே எழுந்து கான்டீனுக்கு வந்தார். உன் உயரத்துக்குக் குனிந்து, "அதுக நடக்கிற வரைக்கும் ஒரு வண்டி மண்ணு உள்ள வராது. சரிதானே தம்பி?" என்று கையை நீட்டினார். நீ பெரிய மனுஷன் மாதிரி குலுக்கினாய். வீட்டுக்கு வந்து, "சார் என்கிட்டே வாக்குக் குடுத்திருக்கார்" என்று அப்பாவிடம் சொன்னாய். "அப்போ ஓணத்துக்கு அந்தக் கோழியாத்துலதான் நமக்குச் சத்யை" என்றார் அப்பா. கோழி வீட்டு விருந்துக்கு என்ன உடுத்திக்கொள்வது என்று நீ கேட்டாய்.

அந்த வாக்கை அவர் மீறவில்லை. ஒரு வண்டி மண்கூட உள்ளே வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நாம் போனபோது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். மதிலோரத்தில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டி ஓடையில் சேர்த்திருந்தார்கள். ஆம்பல் இலைகள் சேற்றில் படிந்து ஈரத்துணி போலக் கிடந்தன. மிதந்துகொண்டிருந்த கூடு தரையில் இருந்தது. தண்ணீர் இருந்தவரைக்கும் நாயும் பூனையும் கரையோடு நின்றுகொண்டிருந்தன. இப்போது கூட்டைச் சுற்றி நாயின் காலடிகள். முட்டைகள் இல்லை.

ராஜன் சேட்டனிடம் ஓடினேன். அவருக்கு என் பதற்றம் விளங்கவில்லை. "ஒரு குட்ட மண்ணு போலும் இட்டிட்டில்லல்லோ மேடம்" என்றார். ஒரு கூடை மண்கூடப் போடவில்லையே என்று. உண்மைதான். மண் போட வேண்டாம் என்றுதான் சார் அவரிடம் சொல்லியிருந்தார். லாரி வரும்போது சக்கரம் புதையக்கூடாது, இடையில் கிடைக்கிற நாளை வீணாக்கவேண்டாம் என்று தண்ணீரை மட்டும் ராஜன் சேட்டன் முன்கூட்டியே வடித்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருந்தார்.

நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது நீ பின்கதவு வழியாக இறங்கிப் போய்விட்டாய். கணுக்கால்வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாய். கொஞ்ச தூரத்தில் அந்தத் தகப்பன் பறவை நின்றது. இலைக்காக உண்டான விரல்கள் சேற்றில் புதைந்தன. ஒரு காலைத் தூக்கி உதறும், வைக்கும். மறு காலைத் தூக்கி உதறும். நாலைந்து எட்டு அப்படி நடந்து, கூடு கிடந்த இடத்துக்கு வந்து, அதன்மேல் உட்கார்ந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் சிறகைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில்தான் நீ அதைக் கேட்டாய்.

திங்கட்கிழமை சுந்தரம் சார் கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் மண்ணு போடவேண்டாம்னுதானே சொன்னேன்" என்றார் பிறகு, தனக்குத்தானே சொல்வது போல.

"நானும் அதைத்தான் சார் கேட்டேன்" என்றேன்.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. நிலம் என்றால் இங்கே தண்ணீர் என்று அத்தனை பேருக்கு முன்னால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். காப்பாற்றக் கேட்கும்போது நானும் மண்ணைப் பற்றித்தான் கேட்டேன். தண்ணீரைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. வலியசாலையில் பிறந்து, இந்த ஊர்ச் சொல்லைத் தெரிந்துவைத்திருந்தாலும், என் மனசுக்குள்ளும் நிலம் என்றால் மண்ணாகத்தான் இருந்திருக்கிறது. நான் சரியாகக் கேட்டிருந்தால் குஞ்சுகள் அந்த ஒரு மழைக்காலம் பிழைத்திருக்கும். அதற்கப்புறம்? அதற்கப்புறம் லாரி வந்திருக்கும். அவர் வாங்காமல் விட்டிருந்தால் அடுக்குமாடி வந்திருக்கும். எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தப் பறவை நிற்க ஓர் இலை எனக்குக் கிடைக்கவில்லை. யார்மேலாவது கோபப்பட முடிந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ராஜன் சேட்டன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். மறுநாளே உனக்கு ஜுரம் என்று கேட்டு, கம்பெனி வண்டியில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

எனவே நீ ஒரு நாள் அப்படி ஒரு மேஜைக்கு முன்னால் உட்காரும்போது, வெளியே இருக்கிற இடத்துக்கு அந்த ஊரில் என்ன பேர் என்று கேள். அங்கே இருக்கிற உயிரை இதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்தது எது என்றும் கேள். உங்கள் கம்பெனி வருவதற்கு முன்னாலேயே அங்கே ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டாலும் எதுவும் மாறாமல் போகலாம். நான் கேட்டேன், எனக்குத் தெரிந்திருந்தது, ஒன்றும் மாறவில்லை. அதனால்தான் இதை அறிவுரை என்று சொல்லத் தயங்குகிறேன். அந்தக் கம்பெனியை விட்டு நான் விலகவும் இல்லை. உன் பள்ளிக்கூடமும் நம் வீட்டு வாடகையும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. அவர்கள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில்தான் அடுத்த வாரம் போகிறேன். உன்னையும் அப்பாவையும் விட்டுவிட்டுப் போகிறபோது நான் அந்தப் பெண் பறவையை நினைப்பேன் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

தோட்டம் தை மாதம் திறந்தது. பலகையில் நான் எழுதிய பத்தி இருக்கிறது. "இங்கே தாமரைக்கோழி இருந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சானபோது "இருக்கிறது" என்று மாறியிருந்தது. நீ அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் என்னோடு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அடுத்த மழைக்கு அந்தத் தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி நின்றது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். தாமரைக்கோழி வரவில்லை.